பிள்ளையின் நோயும் பெற்றோரின் பக்தியும்

ஆன்மா லயப்படும் இடம் ஆலயம் என்பர் பெரியோர். கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை வீதி நிறைந்து அடியார்கள் கூடும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேண்டுதலைச் சுமந்து வருகின்றனர். பரீட்சை, தொழில், திருமணம், வெளிநாட்டுப் பயணம் என வேண்டுதல்கள் பலவாகும். அவற்றுள் மிகவும் பாரமானது கடும் நோயுற்ற பிள்ளைக்காகத் தாயும் தந்தையும் வைக்கும் வேண்டுதலாகும். அர்ச்சனைத் துண்டில் பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மூலஸ்தானத்தை நோக்கியபடி வாய் திறவாது நிற்கும் தாயை எல்லா ஆலயங்களிலும் காணலாம்.

இத்தகைய குடும்பங்களுக்குச் சமயம் எவ்வாறு துணை நிற்கிறது, எப்போது அதே சமயத்தின் பெயரால் அவர்களுடைய துன்பம் கூடுகிறது, அயலவரும் ஆலயமும் செய்யத்தக்கவை எவை என்பனவற்றை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முயலகன் கண்ட பிள்ளை

பெரியபுராணத்தில் நோயுற்ற பெண்பிள்ளை ஒருத்தியின் வரலாறு கூறப்பட்டுள்ளது. திருச்சிராப்பள்ளிக்கு அருகில், இன்று திருவாசி என வழங்கும் திருப்பாச்சிலாச்சிராமத்திலே கொல்லி மழவன் என்னும் சிற்றரசன் வாழ்ந்தான். அவனுடைய மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. வலிப்பு வகையைச் சேர்ந்தது இந்நோய் என்பர். அரசன் ஆனபடியால் மருத்துவத்திற்குக் குறைவில்லை. எல்லாம் செய்து பார்த்தும் நோய் தீரவில்லை. ஈற்றில் அவன் தன் மகளை ஆலயத்திற்கு எடுத்துச் சென்று இறைவன் திருமுன்னிலையிலே கிடத்தினான்.

அவ்வேளையில் திருஞானசம்பந்த சுவாமிகள் அத்தலத்திற்கு எழுந்தருளினார். உணர்வற்றுக் கிடந்த பிள்ளையைக் கண்டு, இது என்ன என்று வினவினார். தகப்பன் நடந்ததைக் கூறினான். சம்பந்தர் இறைவனைப் பாடினார். பிள்ளை எழுந்து நடந்து தந்தையிடம் வந்தாள் என்பது வரலாறு.

அடியார்கள் இவ்வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சம்பந்தர் அந்தத் தகப்பனைப் பார்த்து, நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்கவில்லை. தாயின் கிரகபலனையும் ஆராயவில்லை. அவர் பாடிய பதிகத்திலே வினா எழுப்பப்படுவது இறைவனிடமே. இந்தப் பிள்ளையை இப்படி வாடச் செய்வது உன் பெருமைக்குத் தகுமோ என்ற பொருள்பட அவர் சிவபெருமானிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். துன்பப்பட்ட பெற்றோரின் பக்கம் நின்று இறைவனிடம் கேட்பதுதான் சம்பந்தர் காட்டிய வழி. இன்று ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறானதாகும். இறைவனின் பக்கம் நிற்பதாக எண்ணிக்கொண்டு பெற்றோரைக் கேள்வி கேட்பவர்களே அதிகம்.

வினை பற்றிய தெளிவு

பிள்ளைக்குக் கொடிய நோய் என்றதும் அயலில் எழும் முதற்பேச்சு வினை பற்றியதாகவே இருக்கும். ஆர் செய்த வினையோ, தாய் தகப்பன் செய்தது பிள்ளைக்கு வந்திருக்கிறது என்று படலையடியில் நின்று பேசுவார்கள். மருமகள் வந்த பலன் என்று மாமியார் சொல்லும் வீடுகளும் உண்டு.

வினைக் கொள்கை சைவசித்தாந்தத்தின் அடிப்படைகளுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். முன்னர் ஈட்டிக் குவிந்திருப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவத்துக்கு வருவது பிராரத்தம். இப்போது செய்து புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். ஆயினும் எந்த அனுபவம் எந்த வினையின் பயன் என்ற கணக்கு இறைவன் ஒருவனுக்கே தெரிந்ததாகும். வினை தானாக வந்து உயிரைப் பற்றாது. அதைக் கூட்டுவிப்பவன் இறைவன் என்பதே சித்தாந்தத்தின் முடிபு. அப்படியிருக்க, அயல்வீட்டுப் பிள்ளையின் கணக்கை இன்னொருவர் வாசித்துச் சொல்வது எவ்வகையிலும் பொருந்தாது. நொந்திருக்கும் தாயின் மனம் மேலும் புண்படப் பேசுபவர் தமக்குப் புதிய ஆகாமிய வினையைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதையும் மறத்தலாகாது.

இன்னொரு தவறும் உண்டு. எல்லாம் வினை, அனுபவிக்கத்தான் வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவது. திருச்செங்கோடு எனப்படும் கொடிமாடச் செங்குன்றூரிலே தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகமாகும். இது வினைப்பயன் என்று சொல்லிக்கொண்டு, அதிலிருந்து உய்யும் வழியை நாடாதிருப்பது குறைபாடு அல்லவா என்பதே அப்பதிகத்தின் தொடக்கக் கருத்து. ஆகவே வினையைக் கூறி முயற்சியைக் கைவிடுவது சைவநெறியன்று.

மருத்துவம் கூறுவது

பிள்ளைகளைத் தாக்கும் கடும் நோய்களுள் இரத்தப் புற்றுநோய், பிறவி இருதயக் கோளாறு, சிறுநீரக நோய், தலசீமியா முதலியன குறிப்பிடத்தக்கவை. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் 19 வயதுக்கு உட்பட்டோரில் சுமார் 4 இலட்சம் பேர் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். பெரும்பாலான சிறுவர் புற்றுநோய்களுக்குக் காரணம் இன்னதென்று இன்றுவரை அறியப்படவில்லை. சுமார் 10 சதவீதமானோரிடமே பரம்பரைக் கூறு காணப்படுகிறது. தாய் கர்ப்பகாலத்தில் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணத்தைப் பார்த்ததாலோ, நேர்த்தி ஒன்றை மறந்ததாலோ இந்நோய் வருவதில்லை.

தலசீமியா என்பது பரம்பரை இரத்த நோயாகும். தாய், தந்தை இருவருமே அதன் காவிகளாக இருக்கும்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயுடன் பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே தாயை மட்டும் குறைகூற இடமில்லை. திருமணப் பொருத்தம் பார்க்கும்போது இருபகுதியாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் இதனை முன்கூட்டியே அறியலாம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வசதி குறைந்த பல நாடுகளில் இது 30 சதவீதத்துக்கும் குறைவாகும். பிந்திக் கண்டுபிடிப்பதும், சிகிச்சையை இடைநடுவில் நிறுத்துவதும் இவ்வேறுபாட்டுக்கான காரணங்களுள் அடங்கும். 2030 ஆம் ஆண்டளவில் உலகம் முழுவதிலும் குறைந்தது 60 சதவீதமான பிள்ளைகளேனும் பிழைக்க வேண்டும் என்ற இலக்குடன் உலக சுகாதார நிறுவனம் 2018 இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விடாத காய்ச்சல், உடல் வெளிறுதல், காரணமின்றித் தோலில் கண்டல்கள் தோன்றுதல், எலும்பு நோ என்பன காணப்பட்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வாட்டில் தாய், வீட்டில் தந்தை

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் தோட்டம் செய்யும் குடும்பம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 6 வயதுப் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. 2011 ஆம் ஆண்டு தெய்வேந்திர முனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் செய்து பொதுமக்கள் சேர்த்த நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது வடபகுதிக்குப் பெரும் ஆறுதலாகும். ஆயினும் பிள்ளைகளின் நீண்ட சிகிச்சைக்காகக் குடும்பங்கள் மகரகமவுக்கோ கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ செல்ல நேர்கிறது. இந்த இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை தொடர்வது வழக்கம்.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் பேருந்துக் கட்டணம், சாப்பாடு, தங்குமிடம், தொழிலை விட்ட நாள்களின் வருமானம் என்பன இலவசமல்ல. தாய் மாதக்கணக்கில் வாட்டில் இருக்கிறாள். தந்தை வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதா, கொழும்புக்கு ஓடுவதா என்று தவிக்கிறார். வீட்டில் நிற்கும் மூத்த பிள்ளையை அம்மம்மா பார்க்கிறார். வருபவர் எல்லோரும் தம்பி எப்படி என்று கேட்கிறார்களே தவிர, நீ எப்படி இருக்கிறாய் என்று அந்தப் பிள்ளையைக் கேட்பவர் இல்லை. நோய் ஒரு பிள்ளைக்கு வந்தாலும் முழுக் குடும்பமும் அதை அனுபவிக்கிறது.

சிங்கள மொழி விளங்காத தாய்க்கு வாட்டு முதலில் அந்நிய தேசம் போல இருக்கும். பின்னர் பக்கத்துக் கட்டில் தாய் பிள்ளையின் கையில் பிரித் நூல் கட்டுவதையும், எதிர்க்கட்டில் தாய் செபமாலை உருட்டுவதையும், இன்னொரு தாய் துஆ கேட்பதையும் காண்பாள். தன் பிள்ளையின் தலையணைக்கு அடியில் இருக்கும் திருநீற்றுப் பொட்டலமும் அவற்றைப் போன்றதே என்பது அவளுக்கு விளங்கும். ஒரு தாய் குளிக்கப் போகும்போது மற்றவளின் பிள்ளையை அடுத்தவள் பார்த்துக்கொள்வாள். ஆலயத்தில் படிக்கும் பாடத்தைச் சிலர் இப்படியான இடங்களிலும் படிக்கின்றனர்.

இலண்டனில் 1967 இல் சென் கிறிஸ்தோபர் என்னும் நோயாளர் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய வைத்தியர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், கடும் நோயாளியின் வலியில் உடல், உள்ளம், சமூகம், ஆன்மிகம் என்னும் நான்கு கூறுகளும் கலந்துள்ளன என விளக்கினார். உடல் வலிக்கு மருந்து உண்டு. ஏன் எனக்கு, ஏன் என் பிள்ளைக்கு என்னும் வலிக்கு மருந்துக் கடையில் குளிசை இல்லை. சமயம் துணைநிற்க வேண்டிய இடம் இதுவே.

கென்னத் பார்கமென்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் துன்பத்தின்போது மனிதர் சமயத்தை இருவகையாகக் கைக்கொள்வதாகக் கூறினார். இறைவன் என்னுடன் இருக்கிறான், அவன் துணையோடு இதைக் கடப்பேன் என்று பற்றிக்கொள்வது ஒரு வகை. இறைவன் என்னைத் தண்டிக்கிறான், என்னைக் கைவிட்டுவிட்டான் என்று வெதும்புவது மற்றைய வகை. முன்னையது மனத்துக்குப் பலம் தருகிறது. பின்னையது துன்பத்தைக் கூட்டுகிறது. பெற்றோர் எந்த வகையில் நிற்பர் என்பது அயலவர் சொல்லும் சொல்லிலும் பெரிதும் தங்கியுள்ளது.

நேர்த்தியும் மருந்தும்

காவடி, பாற்செம்பு, கற்பூரச்சட்டி, அடி அழித்தல் முதலிய நேர்த்திகள் ஈழத்துச் சைவ மக்களின் வாழ்வோடு கலந்தவை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலும் கதிர்காமத்திலும் பிள்ளையின் சுகத்துக்காக நேர்த்தி வைத்தவர்கள் எண்ணிலடங்கார். ஒன்றும் செய்ய இயலாது இருக்கும் தகப்பனுக்குத் தோளில் காவடி எடுப்பது தானும் பிள்ளைக்காக ஏதோ செய்கிறேன் என்ற ஆறுதலைத் தருகிறது. அதனை எவரும் இகழ்தல் ஆகாது.

ஆயினும் நேர்த்தி மருந்துக்குப் பதிலாகாது. நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருவள்ளுவர் வகுத்துள்ளார். தாய்தான் அந்த நான்காவது கால். அவள் கடும் விரதம் இருந்து மயங்கி விழுந்தால் கட்டிலின் ஒரு கால் முறிந்தது போலாகும். ஆதலால் பிள்ளையைப் பராமரிக்கும் தாய் நேரத்துக்கு உண்பதும் உறங்குவதும்கூட வழிபாட்டின் பாற்பட்டனவே.

சாந்தி, பரிகாரம் என்று சொல்லி நகையை அடைவு வைக்கப் பண்ணுவோரையிட்டு அவதானமாக இருத்தல் வேண்டும். ஊசி, குளிசைகளை நிறுத்தச் சொல்பவர் எவராயினும் அவர் சொல் கேட்கத்தக்கதன்று. நாட்டு மருந்து கொடுக்க விரும்பினால் முதலில் சிகிச்சை செய்யும் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

புற்றுநோய் மருந்து ஏற்றப்படும் பிள்ளையின் உடலில் வெண்குருதிக் கலங்கள் குறைவதால் தொற்றை எதிர்க்கும் வலு குன்றும். அப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அன்று தேர்த்திருவிழாவாக இருந்தாலும் பூசை முடியட்டும் என்று காத்திராமல், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும். சனக்கூட்டத்தையும் தவிர்த்தல் நன்று. பிள்ளையைத் திருவிழாவுக்குக் கொண்டுவர முடியவில்லையே என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. கூட்டமில்லாத ஒரு நாளில் வெளிவீதியில் நின்று கும்பிட்டாலும் இறைவன் ஏற்றுக்கொள்வான். பிரசாதங்களில் எவற்றைக் கொடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

அம்மாள் வருத்தம் என்று சொல்லப்படும் கொப்புளிப்பான் இத்தகைய பிள்ளைகளுக்கு உயிராபத்தை விளைவிக்கக் கூடியது. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே அது தொற்றத் தொடங்குகிறது. ஆகையால் அம்மாள் கண்ட வீட்டார் அயலில் நோயுற்ற பிள்ளை இருந்தால் உடனே அறிவிப்பது பெரிய தர்மமாகும். அப்பிள்ளையின் பெற்றோரும் வைத்தியருக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.

இறைவனோடு கோபித்தல்

சில பெற்றோர் பிள்ளைக்கு நோய் வந்தபின் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிடுவர். இவ்வளவு கும்பிட்டும் கண் திறக்கவில்லையே என்று வாய்விட்டு ஏசுவோரும் உளர். அவர்களை நாத்திகர் என்று ஒதுக்குதல் தகாது. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் கண்பார்வை இழந்தார். தலம் தலமாகத் தடுமாறிச் சென்று பாடினார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இடையில் அவர் இறைவனைக் கடிந்து பாடிய பாடல்களைச் சைவ உலகம் ஒதுக்கிவிடவில்லை. திருமுறையாகப் போற்றி இறைவன் சந்நிதியிலேயே பாடுகின்றது. இறைவனோடு கோபிப்பவரும் இறைவனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதை அறிதல் வேண்டும்.

திலகவதியாரின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. தாய் தந்தையரை இழந்து, தமக்கென நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையாரையும் போரில் இழந்த அவ்வம்மையார் தம்பிக்காகவே உயிர் தாங்கினார். தம்பியாகிய மருணீக்கியார் சமண சமயம் சார்ந்து, பின்னர் கொடிய சூலை நோயினால் துடித்துத் திரும்பி வந்தபோது, போனாயே என்று அவர் பழித்துரைக்கவில்லை. திருநீறு கொடுத்துத் திருவதிகை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியே அப்பர் சுவாமிகளானார். நோயாளியின் அருகில் இருப்பவருக்கு வேண்டிய குணம் இதுவே.

ஊரும் ஆலயமும் செய்யக்கூடியவை

நோயுற்ற பிள்ளையின் குடும்பத்துக்கு உதவப் பெருந்தொகைப் பணம் வேண்டியதில்லை. தகப்பன் கொழும்பில் நிற்கும் வாரத்தில் அவருடைய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிடலாம். மூத்த பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்லலாம். தடிமன், இருமல் உள்ளவர்கள் பார்க்கப் போகாமல் இருப்பதும் ஓர் உதவியே. மருந்தினால் தலைமயிர் உதிர்ந்த பிள்ளையை, எந்தக் கோயிலுக்கு மொட்டை என்று பகிடி பண்ணாது இருக்கச் சொந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஆலயங்களில் இரத்ததான முகாம்களை நடத்துவது இன்று பெருகி வருகிறது. புற்றுநோய், தலசீமியா நோயுற்ற பிள்ளைகள் பலருக்கு அடிக்கடி குருதி தேவைப்படுகிறது. 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, 50 கிலோவுக்கு மேல் நிறையுள்ள சுகதேகிகள் 4 மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் வழங்கலாம். அன்னதானத்துக்கு ஈடாக இதையும் ஓர் உபயமாகக் கொள்ளலாம். வருடாந்த உற்சவ வரவு செலவில் ஒரு சிறு பகுதியை, பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாமல், இத்தகைய குடும்பங்களின் பிரயாணச் செலவுக்கு ஒதுக்குவதும் ஆலய பரிபாலன சபைகளுக்கு இயலாத காரியமன்று.

பிள்ளை பிரிந்த வீடு

எல்லாப் பிள்ளைகளும் குணமடைந்து வருவதில்லை. இதனை மறைப்பதில் பயனில்லை. நேர்த்தி பலிக்காதபோது, காவடியில் குறை வந்துவிட்டதோ, விரதத்தில் பிழை விட்டேனோ என்று தாய் தன்னையே வருத்திக்கொள்வாள். தாயின் விரதப் பிழைக்காகப் பிள்ளையைப் பறிக்கும் கடவுளைச் சைவம் அறியாது. பிள்ளை பிறக்கும்போதே தாயின் முலையிலே பாலைச் சுரக்க வைத்த கருணையே கடவுள். ஏன் இப்படி நடந்தது என்பதற்கு மனிதர் கூறக்கூடிய விடை இல்லை. விடை தெரியாதபோது வாய்மூடி அருகில் இருப்பதே அறிவாகும். கடவுள் நல்லவர்களை வேளைக்கு எடுத்துக்கொள்வார், இன்னொரு பிள்ளை இருக்கிறதுதானே போன்ற சொற்கள் ஆறுதலாகா.

துடக்கு நாள்களில் அவ்வீட்டார் ஆலயத்துக்கு வர இயலாது. ஆயின் ஆலய அடியார்கள் அவ்வீட்டுக்குச் செல்லத் தடையில்லை. 31 ஆம் நாள் கழிந்து, பந்தல் பிரித்து, உறவினர் எல்லோரும் போன பின்னரே வீடு வெறிச்சோடும். அதன் பின்னரும் ஒரு வெள்ளிக்கிழமை சென்று திண்ணையில் இருந்து ஒரு தேவாரம் பாடி, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவது பெரும் புண்ணியமாகும். பிள்ளையின் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்பதே அத்தாயின் பெரிய துக்கம்.

திருவாசித் தலத்தில் நடராசப் பெருமானின் திருவடியின் கீழ் முயலகன் இல்லை. பாம்பின்மீதே பெருமான் ஆடுகின்றார். அந்தப் பெண்பிள்ளையின் நோயை நீக்கியதன் அடையாளம் அது என்று தலபுராணம் கூறும். இன்றும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு வாட்டில் முயலகன் போன்ற நோயோடு ஒரு பிள்ளை கிடக்கிறது. வைத்தியர்கள் தம் கடமையைச் செய்கின்றனர். அடியார்களின் கடமை சம்பந்தர் நின்ற இடத்தில், பெற்றோரின் பக்கத்தில், நிற்பதாகும். அடுத்த முறை அர்ச்சனைத் தட்டோடு அந்தத் தாய் வாய் திறவாது நிற்கும்போது, ஒன்றும் கேளாமல் அவள் அருகில் போய் நின்று அதே பிள்ளைக்காக ஒரு கணம் கும்பிட்டால் அதுவே சிறந்த வழிபாடாகும்.

நோயுற்ற பிள்ளைகள் யாவரும் சுகம் பெறவும், அவர்களைச் சுமக்கும் பெற்றோர் மனவலிமை பெறவும் எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.